மண் முதலாளிக்கு, கேஸ் டிரைவருக்கு

களியக்காவிளை ரோட்டில் கருங்கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகளை நம் மாவட்டத்தில் பார்க்காதவர் கிடையாது. அதில் ஒன்று நடைச்சீட்டு இல்லாமல் பிடிபட்டால் மறுநாள் பேப்பரில் வரும் தலைப்பு ‘டிரைவர் கைது’. மலையை உடைத்தவர் பெயரைப் பெரும்பாலும் காணோம்.

போன மாதம் தக்கலையில் ஒரு சாயாக்கடையில் ஒரு டிரைவர் கேட்டார்: “அண்ணாச்சி, திருட்டுக் கேசுல ஃபைன் கெட்டிட்டேன். இனி லைசென்சு போயிருமா?” முதலாளிதான், “ஒத்துக்கிட்டு ஃபைனைக் கெட்டிரு, ரூவா நான் தாறேன்” என்று அனுப்பி வைத்தாராம்.

அனுமதியில்லாமல் ஆற்று மணல் எடுத்தால் கனிமச் சட்டத்தோடு திருட்டு வழக்கும் போடலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி அரசு – சஞ்சய் வழக்கில் சொல்லிவிட்டது. எனக்கு அதில் மறுப்பில்லை. ஆறும் மலையும் பொதுச்சொத்து. ஆனால் அந்தத் திருட்டு யாருடைய தலையில் வந்து விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

1988 மோட்டார் வாகனச் சட்டம் 19-ஆம் பிரிவைப் பாருங்கள். வழக்கமாகக் குற்றம் செய்பவர், போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்துக்கு வண்டியைப் பயன்படுத்தியவர் ஆகியோரின் லைசென்சை அதிகாரி பறிக்கலாம். 1989 மத்திய விதிகளில் 21-ஆம் விதி வண்டித் திருட்டு, பயணியின் உடைமைத் திருட்டு, ஏற்றிய சரக்கைத் திருடுவது ஆகியவற்றையும் சேர்க்கிறது. நம்பி ஒப்படைத்த லோடைத் திருடியவனிடம் லைசென்ஸ் இருக்கக்கூடாது என்பது நியாயம்தான். வண்டிக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒருவன் எப்போதோ ஒரு தடவை தேங்காய் திருடியிருந்தால், அதற்காக மட்டும் அவன் லைசென்ஸ் போகாது. ஆனால் கூலிக்கு லோடு அடித்தவன் ‘வண்டியைப் பயன்படுத்தியவர்’ என்ற வரிக்குள் மாட்டிக்கொள்கிறான்.

காலமெல்லாம் கோப்பு எழுதியவன் நான். ‘லாம்’ வேறு, ‘வேண்டும்’ வேறு என்பது எனக்குத் தெரியும். சட்டம் சொல்வது ‘லாம்’. அதுவும் விளக்கம் கேட்டு, காரணத்தை எழுத்தில் பதிந்த பிறகுதான். முழுதாக ரத்து செய்யலாம். குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு வகை வண்டிக்கு மட்டும் தடை போட்டும் விடலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. இத்தனை படிகளையும் தாண்டிக் குதித்து ஒரே வரியில் ஒருவன் பிழைப்பை முடிப்பது சோம்பேறித்தனம்.

இன்னொன்று. 1958 குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, முன்பு தண்டனை பெறாதவரைத் திருட்டு வழக்கிலும் நீதிமன்றம் கண்டித்து விட்டுவிட முடியும். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு சேராது என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. வக்கீல் வைத்து இதைக் கேட்டிருக்க வேண்டிய டிரைவரைத்தான், “ஃபைனைக் கெட்டிரு” என்று முதலாளி அனுப்பி வைத்தார். அபராதம் முதலாளிக்கு ஒரு லோடுக் காசு. டிரைவருக்கோ ஆயுசுக்கும் திருடன் பட்டம்.

பள்ளியில் விக்தர் ஹ்யூகோவை நான் பிரெஞ்சிலேயே படித்தேன். உங்களில் பலர் அந்தக் கதையை ‘ஏழை படும் பாடு’ என்ற 1950-ம் வருஷத்துப் படமாகப் பார்த்திருப்பீர்கள். அதில் இன்ஸ்பெக்டராக வந்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. ரொட்டி திருடியவன் ஜெயிலிலிருந்து வந்த பிறகும் கையில் ஒரு மஞ்சள் சீட்டு. அதைப் பார்த்ததும் சத்திரக்காரன் கதவைச் சாத்துகிறான். நம் டிரைவருக்கும் அந்தச் சீட்டைத்தான் எழுதிக் கொடுக்கிறோம். லைசென்ஸ் போனவன் நாளைக்கு என்ன செய்வான்? லைசென்ஸ் இல்லாமல் அதே முதலாளியின் லாரியை ராத்திரியில் ஓட்டுவான்.

அதிகாரிகளே, லாரி உரிமையாளரையும் குவாரிக்காரரையும் முதலில் வழக்கில் சேருங்கள். அதன் பிறகு டிரைவரின் லைசென்சுக்கு வாருங்கள்.

அந்த டிரைவரிடம், நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாமல் என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பதிலை நானே எழுதிக் கொடுப்பேன்.