ஒரு நட்சத்திரமா, பல நாற்றுகளா?

விளையாட்டு அணியொன்று தனது எதிர்காலத்தை அடகு வைத்து ஒரேயொரு நட்சத்திர வீரரைப் பெற்றுக்கொள்வது விவேகமானதா என்ற கேள்வி அமெரிக்கப் பாணி உதைபந்தாட்ட உலகில் ஆண்டுதோறும் எழுகின்றது. அங்கு அணிகள் புதிய வீரர்களை வரிசைக்கிரமமாகவே தெரிவு செய்கின்றன. வரிசையில் முன்னேற விரும்பும் அணி தனக்குரிய பல தெரிவுகளை மற்றோர் அணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

2021இல் சான் பிரான்சிஸ்கோ அணி முதற்சுற்றுத் தெரிவுகள் மூன்றைக் கொடுத்து மூன்றாம் இடத்தைப் பெற்று, ட்ரே லான்ஸ் என்ற இளைஞரை எடுத்துக்கொண்டது. 2023இல் அவர் வேறோர் அணிக்கு அனுப்பப்பட்டார். மாறாக, 2022இல் 262ஆவதாக, அதாவது அனைவருக்கும் கடைசியாகத் தெரிவான ப்ரொக் பேர்டியே 2024 பெப்ரவரியில் அவ்வணியை இறுதிப்போட்டி வரை இட்டுச் சென்றார்.

இந்த அனுபவம் யாழ்ப்பாணத்துக்கும் அந்நியமானதல்ல. லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் முதல் மூன்று பருவங்களில் வரிசைமுறைத் தெரிவும், 2023 முதல் ஏலமும் நடைமுறையில் இருந்தன. ஏலத்திலும் நியதி ஒன்றே: ஒருவருக்குக் கொட்டிக் கொடுத்தால் மற்றையோருக்கு எஞ்சுவது சொற்பம். யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு தடவைகள் கிண்ணத்தை வென்றது. திசர பெரேரா, வனிந்து ஹசரங்க போன்ற முன்னணி வீரர்களின்றி 2020இன் வெற்றி சாத்தியமாகியிருக்காது என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், அதே 2020 அணியில் அதிகம் அறியப்படாதவராக இடம்பெற்ற யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்தை நாம் மறந்துவிடலாகாது. 2024இல் ஹசரங்க காயமடைந்தபோது அவருக்குப் பதிலாக ஐ.பி.எல். தொடரின் ஹைதராபாத் அணி அழைத்தது இந்த இளைஞரையே. நட்சத்திரத்தின் இடத்தை நிரப்பியது இம்மண்ணின் நாற்று.

தொழில்முறை அணி வெற்றியை நாடுவதில் தவறில்லை. ஆனால், வரிசையின் அடியிலுள்ள தெரிவுகளை விற்று உச்சியை வாங்கும் போக்கு வழமையானால், முதலில் அடைபடுவது வடபுலத்து மாணவனுக்கான கதவே. அந்தக் கதவு 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். வீரர்களைத் தேடிச் செல்வோரின் பார்வை மத்திய கல்லூரி, பரி. யோவான் கல்லூரி மைதானங்களோடு நின்றுவிடாது, ஒஸ்மானியாக் கல்லூரிக்கும் தீவகத்துக்கும் செல்ல வேண்டும்.

2020 முதல் 2024 வரையான ஐந்து பருவங்களிலும் யாழ்ப்பாண அணி யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டியிலேனும் ஆடவில்லை. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டிருப்பது நம்பிக்கை தருகின்றது. ஆனால், மைதானம் எழுந்த பின்னரும் எமது பிள்ளைகள் பார்வையாளர் வரிசையிலேயே அமர்ந்திருப்பார்களாயின் அதனால் பயனென்ன? கடைசித் தெரிவுகள் சிலவற்றை இம்மண்ணுக்கென ஒதுக்குவது சலுகையல்ல. அணி தாங்கி நிற்கும் பெயருக்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.