வாய் கட்டிய வைத்தியம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள மண்டூர் முருகன் ஆலயத்திற் கப்புகனார் வாயைத் துணியாற் கட்டியே பூசை செய்வார். திரைக்குப் பின் நிகழ்வது யாதென அடியார் வினவுவதில்லை. அது வழிபாட்டு மரபு. அதே அடியார் நோயோடு வைத்தியசாலைக்குச் செல்லும்போதும் வாய் திறவாப் பூசையே கிடைக்குமாயின், அதனையும் மரபெனப் பொறுத்தல் தகுமா?

சீனி வருத்தக்காரர் ஒருவருக்குத் துண்டும் குளிசையும் கிடைக்கின்றன. வருத்தம் குறைந்ததென எண்ணிக் குளிசையை நிறுத்துகிறார். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறார். காற்புண் ஆறாமற் காலையே இழக்கிறார். குளிசை ஆயுள்வரைக்கும் உரியது, காலில் உணர்ச்சி குன்றும் என்னும் இரண்டு வாக்கியங்களை எவரும் அவருக்குக் கூறவில்லை. பழியோ அவரது அறியாமைமேல் விழுகிறது. களைநாசினியை அளந்து கலக்கவும், வேளாண்மைக்கு நீர் பாய்ச்சும் நாளைக் கணிக்கவும் அறிந்தவருக்குத் தம் உடம்பு மட்டும் விளங்காதாம்!

தமிழில் மருத்துவத்தை விளக்கச் சொற்களில்லை என்பாரும் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களையும் தமிழிலாக்கினார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடி அகல்வர், தமிழிற் கற்றவர் கிராமத்தில் தங்குவர் என்பது அவர் கண்ட உண்மை. அந்நியர் ஒருவர் வருந்திக் கற்றுச் செய்ததைத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இயலாதென்பது நாணத்தக்கது.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் தமிழறியா வைத்தியரிடம் செல்லும் பெண், தன் அந்தரங்க நோயைச் சிற்றூழியர் ஒருவர் வாயிலாகவே உரைக்க நேர்கிறது. பலர் கூசிப் பாதியை விழுங்கிவிடுகின்றனர். விழுங்கிய பாதியிலேதான் நோய் இருக்கும். ஆயினும் சிங்கள வைத்தியரை மட்டும் குறைகூறித் தப்புதற்கில்லை. தமிழ் வைத்தியரும் தலை நிமிராது எழுதித் தள்ளுகின்றனரே!

நேரமில்லை என்பது ஒன்றே மெய்யான தடை. வெளிநோயாளர் வரிசையைக் கண்டவர் அதனை மறுக்கார். எனினும் விளங்காமல் மீண்டும் மீண்டும் வருவோராலும் அவ்வரிசை நீள்கிறது. துண்டிலே வேளையையும் அளவையும் தமிழில் எழுதுக. "நான் சொன்னதை ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ" என நோயாளியைக் கேட்க. தமிழ்ப் பிரதேசத்திற் பணியாற்ற வரும் எவரும், நோயாளி ஒருவருக்கு அவர் நோயைத் தமிழில் விளக்கிக் காட்டிய பின்னரே கடமையேற்கட்டும்.