எண்ணிக்கொண்டே இருந்தால் போதுமா?

போன வாரம் எங்கள் ஊர் பறவை ஆர்வலர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஏரிக்கரையில் புது நடைபாதை, வண்ண விளக்கு, நாலு பெடல் படகு. இருபத்துமூன்று பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இங்கே எழுதுகிறேன். அங்கே எழுதினால், "சார், குழுவில் பறவை மட்டும்" என்பார் அட்மின்.

பறவையைப் பற்றித்தான் ஐயா பேசுகிறேன்.

அந்த ஏரியில் ஆறு வருடமாக ஞாயிறு காலைகளில் நின்று எண்ணியிருக்கிறோம். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015இல் தொடங்கிய பொங்கல் கணக்கெடுப்பிலும் தவறாமல் கலந்துகொண்டோம். வீட்டில் பால் பொங்குகிற நேரத்தில் நான் உள்ளான் எண்ணிக்கொண்டிருந்ததை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை. பட்டியல்கள் இ-பேர்டில் பத்திரமாக இருக்கின்றன. உள்ளான்களைத்தான் இந்த வருடம் காணோம்.

வேலையில் இருந்த காலத்தில் நானும் ஏரிகளுக்கு எஸ்டிமேட் போட்டவன். ஆழம் கூடினால் கொள்ளளவு கூடும் என்பது மட்டுமே அப்போது எனக்குத் தெரியும். ஏரி என்பது கிணறு இல்லை. கரைப்பக்கம் ஆழம், நீர் வரும் பக்கம் போகப்போகத் தரைமட்டம். பாசனத்துக்கு மதகு திறந்து, தையிலிருந்து பங்குனி வரை தண்ணீர் வற்ற வற்ற, அந்தச் சரிவில் தினம் கொஞ்சம் ஈரச் சேறு வெளியே வரும். புழு பூச்சியெல்லாம் அதில்தான். சைபீரியப் பக்கமிருந்து வரும் பொரி உள்ளானுக்கு வேண்டியது இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர். நெடுங்கால் உள்ளானுக்கே ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சுற்றிலும் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்துவிட்டால் அவை எங்கே நிற்கும்? நீர்க்காகம் முங்கும், கூழைக்கடா மிதக்கும். சம்பு, கோரையை வழித்தெறிந்த பிறகு தாழைக்கோழி கூடு கட்ட இடமில்லை.

தூர்வாரவே கூடாது என்று சொல்லவில்லை. கோடையில் வண்டல் எடுத்து வயலுக்கு அடித்தவர்கள்தானே நம் முன்னோர்கள்? அவர்கள் மண்ணைத்தான் எடுத்தார்கள், சரிவை எடுக்கவில்லை.

"போட்டோ எடுக்க வசதியாகிவிட்டதே சார்" என்றார் குழு நண்பர் ஒருவர். எதை எடுப்பார்? படகையா?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நம் ஏரிகளில் பெரும்பாலானவை அப்படி வெட்டியவைதான். சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட சில ஏரிகள் தப்பும். மற்றவற்றுக்கு நாதி, அங்கே என்ன பறவை வந்தது என்று தேதியோடு எழுதி வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள்தான். நாமோ எழுதி மூடி வைக்கிறோம். ஏன் என்றால், "நமக்கு அரசியல் வேண்டாம்."

வேடந்தாங்கல்காரர்களிடம் பைனாகுலர் இருந்ததா? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே கலெக்டரிடம் போய்ப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். நம் குழுவிலோ பேராசிரியர் உண்டு, வக்கீல் உண்டு, என்னைப்போல எஸ்டிமேட் படிக்கத் தெரிந்த கிழமும் உண்டு. ஏரியில் இயந்திரம் இறங்கிய இரண்டு மாதமும் நாம் செய்தது, ஞாயிற்று நடையை வேறு ஏரிக்கு மாற்றியதுதான். நானும் பேசாமல் கூடவே போனேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

அந்த வேறு ஏரிக்கும் இப்போது இதே வேலைக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள். அங்கே சரிவு இன்னும் இருக்கிறது. போன மாதம்கூட ஆள்காட்டி ஒன்று தரையில் முட்டையிட்டு, எங்களைக் கண்டு கத்தித் தீர்த்தது. நீர்வரத்துப் பக்கத்தை மட்டும் தொடாமல் விடுங்கள் என்று மனு எழுதிவிட்டேன். எங்கள் பட்டியல்களைப் பேரன் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறான், பைண்டிங்கும் ஆகிவிட்டது. வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகிறேன். குழுவிலிருந்து வருகிறவர்கள் காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நில்லுங்கள். கேமரா வேண்டாம், கையெழுத்துப் போடப் பேனா போதும்.