கெப் வண்டியை உயர்த்தப் போகிறீர்களா?



ரக்வானை, பலாங்கொடை, தெரணியகலை, யட்டியந்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளை அறிந்தவர்களுக்கு, வாகனத்தை உயர்த்த வேண்டியது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. பிரதான வீதியை விட்டு இறங்கினால் கருங்கல். மழை பெய்தால் அதுவே ஓடை. அதோடு, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பலர் பழைய கெப்பையும் ஜீப்பையுமே செப்பனிட்டு ஓட்டினார்கள். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றும்போது "இரண்டு அங்குலம் உயர்த்திவிடுங்கள் பாஸ்" என்று சொல்லிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் கராஜில் முதலில் பேச வேண்டியது உயரத்தைப் பற்றியல்ல. இந்த வண்டி நாளாந்தம் எவ்வளவு பாரம் சுமக்கிறது? அதைச் சொல்லாமல் ஸ்பிரிங் வாங்குவது, காலின் அளவைச் சொல்லாமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வெறும் வண்டியாக இருக்கும்போது பின் ஸ்பிரிங்குகள் இரண்டும் சேர்ந்து 600 கிலோவைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீற்றர் அமிழ 8 கிலோ தேவையென்றால், அவை 75 மில்லிமீற்றர் அமிழ்ந்திருக்கும். அதே நீளமுள்ள, ஆனால் ஒரு மில்லிமீற்றருக்கு 12 கிலோ கேட்கும் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் 50 மில்லிமீற்றர் அமிழும். கிடைத்த உயரம் 25 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம். கடினத்தைக் கொண்டு மட்டுமே இரண்டு அங்குலம் பெற வேண்டுமானால், ஸ்பிரிங் மூன்று மடங்கு கடினமாக வேண்டும்! அந்த வண்டியில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் நோயாளியின் முதுகில் தெரியும். பாரமில்லாதபோது சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும். நிலத்தில் படியாத டயருக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்?

எனவே நாளாந்தம் கொழுந்து மூட்டையோ அரிசி மூட்டையோ ஏற்றுபவர் கடினமான ஸ்பிரிங்கைத் தேடலாம். வீட்டாரை மட்டும் ஏற்றிச் செல்பவருக்கு, பழைய கடினமே உள்ள, ஆனால் கூடுதல் வளைவோ நீளமோ உள்ள ஸ்பிரிங் போதும்.

கராஜில் வேறு வழிகளும் சொல்வார்கள். பட்டை ஸ்பிரிங்கில் ஓர் இலை கூட்டினால் உயரத்தோடு கடினமும் கூடும். பழைய பட்டையை மீண்டும் வளைப்பது மலிவு. ஆனால் நெருப்பில் காய்ச்சி வளைத்து, பின்னர் முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் சில மாதங்களில் பழையபடி தொய்ந்துவிடும். பட்டையின் முனையைத் தாங்கும் ஷெக்கலை இரண்டு அங்குலம் நீட்டினால் ஏறக்குறைய ஓர் அங்குலமே உயரும். முன்புறத்தில் அப்படிச் செய்தால் ஸ்டீயரிங்கின் கோணமும் மாறும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைக்கும் வேலையை முன் அச்சில் செய்ய ஒருபோதும் இடங்கொடாதீர்கள்.

காசை எண்ணி வைக்குமுன் இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஹைலக்ஸ் போன்ற கெப்பின் பின் அச்சு முழு அச்சு. ஸ்பிரிங் உயர்த்துவது செஸியையும் உடலையும்தான். நடுவே தொங்கும் டிஃப் இருந்த இடத்திலேயே இருக்கும். பாதைக் கல் அதில் தட்டுகிறது என்பதே உங்கள் முறைப்பாடானால், ஸ்பிரிங்கால் அது தீராது. பெரிய டயர்தான் டிஃப்பை உயர்த்தும்.

பிரேக்கின் விஷயம் இதைவிடப் பெரிது. பல கெப் வண்டிகளில் பின் அச்சிலிருந்து ஒரு சிறு கம்பி, செஸியிலுள்ள பிரேக் வால்வுக்குச் செல்லும். பாரம் ஏறி உடல் தாழ்ந்தால், பின் சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்புவது அந்த வால்வின் வேலை. நீங்கள் உடலை உயர்த்திவிட்டால், பாரம் ஏறியிருந்தும் வண்டி வெறுமையாக இருப்பதாக அது எண்ணிக்கொள்ளும். பின் பிரேக் குறையும். மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறி இறங்குபவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் வண்டியைக் கராஜிலிருந்து எடுக்க வேண்டாம். பிரேக் குழாய்கள் இழுபடுகின்றனவா என்பதையும் நின்று பாருங்கள்.

அளவெடுப்பதும் எளிது. சமதரையில் நிறுத்தி, வழக்கமான பாரத்தை ஏற்றி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்றின் வித்தியாசமும் சேர்ந்துவிடும். இடமும் வலமும் ஒத்திராவிட்டால் வியப்படைய வேண்டாம். பழைய லேண்ட் றோவருக்குச் சாரதிப் பக்கப் பட்டையைச் சற்றுக் கூடுதல் வளைவோடுதான் செய்தார்கள்; கழற்றி மாட்டும்போது பக்கம் மாறாமல் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட்டுவிடச் சொல்லுங்கள்.