கருத்துக் கேட்பைக் கைவிட்டால் கதிர்வீச்சு குறைந்துவிடுமா?

2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையை வெளியிட்டது. அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் தோண்டும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு இனித் தேவையில்லையாம். சுரங்கப் பரப்பு எவ்வளவாயினும் மதிப்பீடு டெல்லியிலேயே முடிந்துவிடும். அரிய மண் தனிமங்களும் இதில் அடங்கும். பாதுகாப்புத் துறையும் அணுசக்தித் துறையும் கேட்டன, அமைச்சகம் கொடுத்தது. கடலோர மீனவரையும் ஆலைத் தொழிலாளரையும் கேட்டவர் எவருமில்லை.

இந்தியாவின் அரிய மண் வளம் பெரும்பாலும் கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா ஆகிய மாநிலங்களின் கடலோர மணலில் மோனசைட்டாக உள்ளது. அதில் 8 முதல் 10 விழுக்காடு வரை தோரியம் ஆக்சைடு கலந்திருக்கிறது. தனிமங்களைப் பிரித்தெடுத்த பின்னும் தோரியம் மறைவதில்லை. கழிவிலோ கிடங்கிலோ சேர்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அதன் தூசி நுரையீரலில் தங்கினால் ஆல்பா கதிர்களை உள்ளிருந்தே உமிழ்கிறது.

கருநாகப்பள்ளி ஆய்வைக் காட்டி அரசுக்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கண்காணித்து 2009இல் வெளியான அவ்வாய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என்பது உண்மையே. ஆனால் அது மணல்மீது வாழ்வோரைப் பற்றியது. மோனசைட்டைச் செறிவாக்கி, அரைத்து, காஸ்டிக் சோடாவில் வேகவைக்கும் ஆலையின் தூசியைச் சுவாசிப்போரைப் பற்றியதன்று. ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்கு நீட்டுவது அறிவியலாகாது.

மலேசியாவின் புக்கிட் மேராவில், மிட்சுபிஷி பங்கு கொண்ட ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் தொடங்கியது. ரத்தப் புற்றுநோயும் பிறவிக் குறைபாடுகளும் பெருகுவதாக மக்கள் முறையிட்டனர், நிறுவனம் மறுத்தது. 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. ஆயினும் போராட்டம் ஓயவில்லை. 1994இல் ஆலை மூடப்பட்டது. கதிரியக்கக் கழிவை அகற்றும் பணியோ 2011இலும் முடியவில்லை.

காற்றாலைக்கும் மின்வாகனத்திற்கும் காந்தம் தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை. அக்காந்தத் தயாரிப்புக்காக 2025 நவம்பரில் 7,280 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை தரும் அரசு, ஒரு மக்கள் மன்றத்தைக் கூட்டுவதை மட்டும் வீண் தாமதமாகக் கருதுகிறது. தற்சார்பு என்னும் சொல் மக்களின் வாயை அடைப்பதற்கன்று.

குறிப்பாணை திரும்பப் பெறப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் உள்ளிட்ட அனைவருக்கும் கதிர்வீச்சு அளவி வழங்கி, அதன் பதிவை அவரவர் கையில் தர வேண்டும். ஆலையைச் சூழ்ந்த கிராமங்களின் உடல்நலப் பதிவேடு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். மோனசைட் பொதுத்துறையிலேயே நீடிக்க வேண்டும். அமைச்சகம் நடத்த மறுக்கும் கருத்துக் கேட்பைக் கடலோர ஊர்கள்தோறும் மக்களே கூடி நடத்துவது உடனடிக் கடமை.