சீட்டு ரோலோடு போகணும்

அவிநாசிபாளையம் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஆர்டர் பார்க்கிற வெப்சைட் எழுதித் தருவது இப்போது கல்லூரி முடித்த பையனுக்குப் பெரிய வேலையில்லை. பைத்தானும், அதில் வெப்சைட் கட்ட உதவும் ஃப்ளாஸ்க்கும் தெரிந்தால் போதும். அதில் ஓர் இடத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கணும்: லாகின் செய்தது யார் என்பதைப் பையன் எங்கே வைத்திருக்கிறான்?

கோடின் தலைப்பில் 'இப்போதைய பார்ட்டி' என்று ஒரு பொது மாறியைப் போட்டு, வருகிறவர் பெயரை அதில் ஏற்றுவது சுலபம். சொந்த லேப்டாப்பில் ஒருத்தனே சோதிக்கும்போது பிசிறே தெரியாது. சர்வரில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் வருவார்கள். முதல் ஆளின் பில் டேட்டாபேஸிலிருந்து வருவதற்குள் இரண்டாவது ஆளின் பெயர் அதே மாறியில் ஏறிவிடும். ஒரு பார்ட்டிக்குப் போட்ட ரேட் இன்னொரு பார்ட்டியின் திரையில் தெரிந்தால், அதற்குப் பிறகு திருப்பூரில் வியாபாரம் ஏது?

துணிக்காரர்களுக்கு இது புதுசில்லை. டையிங்குக்குப் போகிற ரோலோடு பார்ட்டி பெயர், லாட் நம்பர், எடை எழுதிய சீட்டும் போகும். யார் சரக்கு என்று சுவர் போர்டில் எழுதிவிட்டு, சீட்டில்லாத ரோலை எவன் ஏற்றுவான்?

ஃப்ளாஸ்க்கில் அந்தச் சீட்டுக்குப் பெயர் 'ஜி'. பிரவுசரிலிருந்து கோரிக்கை வரும்போது பிறந்து, பதில் போனதும் அழிந்துவிடும். அடுத்த கிளிக்குக்கு மிஞ்சாது. லாகின் நிற்க செஷன், கணக்கு நிற்க டேட்டாபேஸ். ஃப்ளாஸ்க்குக்குப் பதில் ஜாங்கோவில் எழுதினால், கோரிக்கையைச் சுமக்கும் ரிக்வெஸ்ட் பொருளே கைமாறிப் போகிறது, பெயரை அதிலேயே ஒட்டிவிடலாம்.

பொது மாறியை சர்வரின் த்ரெட்டுக்கு ஒன்றாகப் பிரித்தால் போதாதா என்பார்கள் பழைய ஆட்கள். ஒரு த்ரெட்டுக்கு ஒரு வேலை என்றிருந்தால் போதும். அங்கும் வேலை முடிந்ததும் துடைக்காவிட்டால் மிச்சம் அடுத்தவருக்குப் போகும். ஏசிங்க்கில் ஒரே த்ரெட் பல கோரிக்கைகளை மாற்றி மாற்றி ஓட்டுகிறது. அதற்காகத்தான், ஒவ்வொரு வேலைக்கும் மாறியைத் தனியே வைக்கும் கான்டெக்ஸ்ட்வார்ஸ் 2018-ல் வந்த பைத்தான் 3.7-ல் சேர்ந்தது. ஃப்ளாஸ்க்கின் ஜியும் இன்று அதன் மேல்தான் நிற்கிறது.

சின்னப் பையன்கள் செய்கிற தப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்கு அடுத்தவர் உரையாடல்களின் தலைப்புகள் தெரிந்தன. காரணம் பொது மாறி அல்ல, அதன் பங்காளி: ரெடிஸ்-பை என்ற பைத்தான் நூலகத்தின் பிழை. நடுவில் ரத்தான கோரிக்கையின் பதில், பகிர்ந்துகொள்ளும் இணைப்பிலேயே தங்கி, அடுத்து வந்தவர் கைக்குப் போய்விட்டது. ஒரு 9 மணி நேர இடைவெளியில் இயங்கிய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதம் பேரின் பெயர், மின்னஞ்சல், கார்டின் கடைசி நான்கு எண்கள்வரை பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஓபன்ஏஐ நிறுவனமே சொன்னது.

எழுதித் தரும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெயரை ஏற்றும் வரிக்கும் எடுக்கும் வரிக்கும் நடுவே ஐந்து செகண்ட் தூங்கவைத்து, இரண்டு பிரவுசரில் இரண்டு பார்ட்டியாக ஒரே நேரத்தில் பில்லைத் திறந்து பாருங்கள். பெயர் மாறாமல் வந்தால் மட்டும் சர்வரில் ஏற்றுங்கள்.