பழைய விண்டோஸும் சங்கக் கணக்கும்

சங்க அலுவலகங்களில் கணினி தகராறு செய்யும்போதெல்லாம் ஒரு யோசனை வெகு எளிதாகச் சொல்லப்பட்டு வருகிறது. "பார்மட் செய்துவிட்டுப் பழைய விண்டோஸையே போட்டுவிடலாம்" என்பதே அது. சொல்பவருக்கு அது அரை நாள் வேலை. ஹார்டு டிஸ்கில் உள்ளதை முழுவதும் அழித்தால்தான் அந்த வேலை முடியும் என்பதை அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. 2024-ஆம் ஆண்டில் நமது அலுவலகத்திலேயே இது நிகழ்ந்ததாலும், அதன் விளைவு இன்னும் முற்றும் தீர்ந்தபாடில்லை என்பதாலும், இவ்விஷயத்தை அங்கத்தினர்கள் முன் சற்று விரிவாக வைக்க விரும்புகிறோம்.

நெசவாளர் கூலிக் கணக்கை நமது சங்கத்தில் எழுதி வந்த நிரல், டாஸ் காலத்தில் உள்ளூர் அன்பர் ஒருவர் அமைத்துக் கொடுத்தது. பார்வைக்கு அழகற்றது, ஆயினும் பாவு எண், கூலி, சேமிப்பு நிதிப் பிடித்தம், முன்பணப் பாக்கி ஆகிய யாவற்றையும் பிழையின்றிக் காட்டி வந்தது. பழைய கணினி எழ மறுத்தபோது, விண்டோஸ் 11 ஏற்றப்பெற்ற புதிய கணினி வாங்கப்பட்டது. பழைய டிஸ்கிலிருந்த கணக்குகளைப் புதியதில் ஏற்றிக்கொண்டு, பழைய பெட்டியை விலைக்கழிவுக்காகக் கடையிலேயே கொடுத்தாயிற்று. மறுநாள் நிரலைத் திறந்தால் ஓடவில்லை. பழுது பார்ப்பவர் வந்து, 32 பிட் விண்டோஸ் 7 போட்டால் ஓடும் என்றார். அவர் சொன்னது தவறன்று. கணக்குகள் 'டி' பிரிவில் உள்ளன, அழியப்போவது 'சி' மட்டுமே என்றும் தைரியம் கூறினார்.

அங்கேதான் பிசகு நேர்ந்தது. இக்காலத்துக் கணினிகளின் டிஸ்குகள் ஜிபிடி என்னும் முறையில் பிரிக்கப்பட்டு வருகின்றன. 32 பிட் விண்டோஸ் 7 அம்முறை டிஸ்கிலிருந்து எழாது. எம்பிஆர் என்னும் பழைய முறைதான் அதற்கு வேண்டும். நிறுவும் நிரலைக் கொண்டு முறையை மாற்ற வேண்டுமானால், டிஸ்கிலுள்ள பிரிவுகள் அனைத்தையும் நீக்கியாக வேண்டும். பாதி வேலையில் இயந்திரம் இதைக் கேட்டது, அவர் நீக்கினார். 'டி'யும் போயிற்று. புதியது எஸ்எஸ்டி வகையாதலால், சுழலும் டிஸ்கில் ஓரளவு கைகொடுக்கும் மீட்பு முயற்சிகளும் பலிக்கவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள் சங்கத்துக்கு நெய்து ஓய்வுபெற்ற ஒருவர், தமது சேமிப்பு நிதியைப் பெறுவதற்காக நான்கு மாதங்கள் அலுவலகப் படியேற நேர்ந்தது. அவருடைய கூலியிலிருந்து பிடித்த தொகை எவ்வளவு என்பதை அவரிடமே விசாரிக்கும் நிலைக்குச் சங்கம் வந்தது. இதைவிடத் தலைகுனிவு வேறில்லை. முடிவில் நம்மைக் காத்தது எழுத்தர் அம்மையாரின் பிடிவாதம். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கூலிப் பட்டியலை டாட் மேட்ரிக்ஸ் இயந்திரத்தில் அச்செடுத்துக் கோப்பில் கட்டி வைக்கும் வழக்கத்தை அவர் விடவேயில்லை. அந்தக் காகிதங்களைக் கொண்டே கணக்கு மீண்டும் எழுதப்பட்டு வருகிறது. ரிப்பன் செலவைக் குறித்து மகாசபையில் கேள்வி எழுப்பியவர்களில் நாமும் இருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். பாவு முடிந்ததும் புதிய பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு பிணைத்துத் தறியை ஓட்டுகிறோம். விழுதும் அச்சும் இருந்தபடியே இருக்கின்றன. விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு ஏறுவது அதைப் போன்றது. அப்படி ஏறியவர் பத்து நாட்களுக்குள் மனம் மாறினால், எதையும் அழிக்காமல் அமைப்புப் பகுதியிலிருந்தே பின்திரும்பலாம். பழையது அதுவரை உள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். 11-உடனேயே கடையிலிருந்து வந்த கணினிக்கு அவ்வழி கிடையாது. பாவை அறுத்து, விழுதிலிருந்தும் அச்சிலிருந்தும் உருவிவிட்டு, முதலிலிருந்து இழை கோப்பதே அங்குள்ள ஒரே வழி. தறியில் பாதி நெய்த சேலை இருக்கும்போது அதை யாரேனும் செய்வார்களா?

பழையதற்குத் திரும்புவதையே பத்தாம்பசலித்தனம் என்று ஏளனம் செய்வோரும் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. டாஸ் கால நிரல்களிற் பல 16 பிட் வகையைச் சேர்ந்தவை. 64 பிட் விண்டோஸ் அவற்றை ஓட்டாது. விண்டோஸ் 10 வரையில் 32 பிட் பதிப்பும் கிடைத்து வந்தது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு அப்படியொரு பதிப்பே இல்லை. ஆகவே நன்றாக உழைத்து வந்த நிரல் ஒரே நாளில் ஊமையாகிறது. அதற்குச் சங்கம் பொறுப்பல்ல. எழுதிக் கொடுத்த அன்பரும் பொறுப்பல்லர். பழையதைத் தேடுவது அறியாமையினால் அன்று, தேவையினால்.

ஆனால் பழைய விண்டோஸை ஏற்றிய கணினியை இணையத்தில் இணைத்து, அதிலேயே வங்கி வேலையும் மின்னஞ்சலும் பார்ப்பது முற்றிலும் வேறு விஷயம். அதனை நாம் வன்மையாக எதிர்க்கிறோம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு, தனி ஏற்பாடு செய்துகொண்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அடைப்பு வருவதில்லை. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டைக்குரிய அடைப்பு இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் சிக்கினார்கள். அடைப்பே வராத கணினியை வைத்திருப்பவர் நிலையை அங்கத்தினர்களே யூகித்துக்கொள்ளலாம்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. பழைய நிரல் தேவைப்படும்வரை அதற்கென்று தனியாக ஒரு கணினி இருக்கட்டும். அதற்கு இணையத் தொடர்பு கூடாது. அல்லது புதிய கணினிக்குள்ளேயே பழைய விண்டோஸைத் தனிக் கூட்டில் ஓட்டும் ஏற்பாடு உண்டு. அதற்கு எதையும் அழிக்க வேண்டியதில்லை. டாஸ்பாக்ஸ் என்ற இலவச நிரலிலும் பழைய கணக்கு ஓடக்கூடும். எனினும் அது முதன்மையாக விளையாட்டுகளுக்கென்று அமைக்கப்பட்டதாதலால், ஒரு மாதக் கூலியையாவது இருவழியிலும் போட்டு ஒத்துப்பார்க்காமல் அதனிடம் கணக்கை ஒப்படைப்பது உசிதமன்று.

அழித்தே தீரவேண்டிய சந்தர்ப்பமும் வரலாம். அப்போது கணக்கை மட்டும் எடுத்து வைத்தால் போதும் என்று எண்ணிவிடலாகாது. அங்கத்தினர் பெயர்ப் பட்டியலும் தீர்மானங்களும் நம்மிடம் ஒரு பென் டிரைவில் பிழைத்திருந்தன. திறந்து பார்த்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகக் கிடந்தது. அவை யூனிகோடுக்கு முற்பட்ட பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. டிஸ்கோடு எழுத்துருவும் அழிந்துபோயிருந்தது. அதைத் தேடி நிறுவியபின்பே பெயர்கள் பெயர்களாயின. எழுத்துரு, அச்சு இயந்திரத்தின் இயக்கி, நிரலின் நிறுவு கோப்பு, பாஸ்வேர்டுகள், பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்கத் திறவு எண் ஆகியவற்றையும் முன்னதாக எடுத்து வைக்க வேண்டும். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்த்தபின்பே அது பிரதியாகும். பத்தாயத்தைப் பிரித்துச் செப்பனிடுமுன் விதைநெல்லை வெளியே எடுக்கும் விவசாயி, எடுத்தது விதைநெல்தானா என்று கையில் அள்ளிப் பார்க்கத்தானே செய்கிறார்?

விவசாயக் கடன் சங்கங்களைச் சேர்ந்த அன்பர்கள் இது தங்களுக்கில்லை என்று கருதலாம். தொடக்க வேளாண்மைச் சங்கங்கள் 63,000-ஐப் பொதுவான ஒரே மென்பொருளின்கீழ்க் கொண்டுவர, 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது உண்மையே. ஆயினும் அதில் ஏறாத பழைய ஆண்டுகளின் விவரங்களும் கடிதங்களும் இன்னும் உள்ளூர் டிஸ்கில்தான் கிடக்கின்றன. ஒரு வாரிசு வந்து தகப்பனார் பெயரிலிருந்த பங்குத்தொகையைக் கேட்கும்போது அவை தேவைப்படும்.

பழுது பார்த்தவரை நாம் குறை கூறவில்லை. ஒரு சால்வையைக்கூடக் காரியதரிசியின் கையொப்பமின்றிப் பண்டகசாலையிலிருந்து வெளியே விடாத நாம், இருபது ஆண்டுக் கணக்கை வாய்ச்சொல்லில் அழிக்க இடங்கொடுத்தோம். டிஸ்கை அழிப்பது பழுது பார்த்தலைச் சேர்ந்ததன்று. சொத்தை நீக்குவதைச் சேர்ந்தது. எனவே நிர்வாகக் குழுவின் தீர்மானமின்றி எந்தக் கணினியையும் பார்மட் செய்யலாகாது என்றும், தீர்மானத்தோடு பிரதி எடுத்தவர், அதைத் திறந்து சரிபார்த்தவர் ஆகிய இருவரின் கையொப்பமும் இருக்க வேண்டும் என்றும், பழைய டிஸ்க் எதையும் ஒரு தணிக்கை முடியும்வரை விற்கக்கூடாது என்றும் அடுத்த கூட்டத்தில் பிரேரணை கொண்டுவரப்படுகிறது. மாறுபட்ட கருத்துடைய அங்கத்தினர்கள் கூட்டத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அச்சு இயந்திரத்துக்கு இரண்டு டஜன் ரிப்பன் வாங்குவதற்கான அனுமதியும் அதே கூட்டத்தில் கோரப்பட்டிருக்கிறது.